மீன் இல்லாத ஞாயிற்றில் சிலாபம்

அதிகாலை 4.10. ஆலங்குடாவிலிருந்து வேன் புறப்பட்டது. சிலாபம் எழுபத்தைந்து கிலோமீற்றர் அளவில் வரும். பாலாவிச் சந்திவரை இருபத்தெட்டு, அங்கிருந்து தெற்கே கொழும்பு வீதியில் மிச்சம். பரீட்சைக்குப் பாடமாக்குவதுபோல இதையெல்லாம் பாடமாக்கி, ஒரு கொப்பித் தாளில் நேரத்தோடு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். முதல் வரி இது: காலை 6.00, மீன்சந்தை.

நான் மாம்புரிப் பையன். வாப்பா வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறார். எங்கள் வீட்டில் உயர்தரம்வரை படித்த முதல் ஆள் நான்தான். ஆலங்குடாவில் ஹாஜியார் ஒருவரின் விடுதியில் வேலை. காற்றுப் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரருக்குப் பட்டம் தூக்கிக் கொடுப்பது, ஈரம் போகக் காயவைப்பது, இதுதான் ஒன்றரை வருடமாக. சிலாபத்துக்கு ஒரு நாள் பயணம் தொடங்கலாம், நானே வழிகாட்டுகிறேன் என்று ஹாஜியாரை ஆறு மாதம் நச்சரித்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "ஒரு தரம் கூட்டிட்டுப் போ. போனவங்க சந்தோஷமா வந்தா இந்தப் பயணம் ஒன்ட கையில. இல்லாட்டி பட்டம் தூக்கு."

பட்டம் தூக்குவதும் நெடுநாளைக்கு இல்லை. டோஹாவில் இருக்கும் மாமா எனக்கு அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை பார்த்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். பாஸ்போட் அலுமாரியில் தயாராக இருந்தது. போக எனக்கு மனமில்லை. போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் இந்த வேனுக்குள் இருந்தது.

பின் சீற்றில் இரண்டு பேர். ஜெயந்தி அக்கா லண்டனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய கணவர் ரவி அண்ணை, வந்து நாலு நாளாகியும் "ஓம்", "இல்லை" தவிர வேறு சொல் பேசி நான் கேட்கவில்லை. மகன் பட்டம் விட வந்தவன், அவன் விடுதியில் தூங்குகிறான். முதல் நாளே அக்கா கேட்டது மீன்சந்தையைத்தான். "விடிய வெள்ளன, மீனைக் கொட்டிக் கூவி விக்கிறதைப் பாக்கவேணும் தம்பி. வேற ஒண்டும் இல்லாட்டியும் பரவாயில்லை."

நாளைத் தெரிவு செய்தது நான். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மீன் இல்லை, ஜும்ஆவுக்காகப் படகுகள் கரையில் நிற்கும். ஆகவே வெள்ளியைக் கவனமாகத் தவிர்த்தேன். சனிக்கிழமை வேன் கிடைக்கவில்லை. ஞாயிறு கிடைத்தது. என் தாளில் ஓட்டையே இல்லை!

4.50. பாலாவி. உப்பளங்கள் இருட்டிலும் வெளிறித் தெரிந்தன. நடு வீதியில் மூன்று கழுதைகள் படுத்திருந்தன. வேன் நின்றது.

"இதென்ன, ரோட்டில நித்திரை?" என்றார் அக்கா.

"அது புத்தளத்துப் பொலிஸ், அக்கா," என்றார் சாரதி நஸீர் நானா. "வேகமாப் போனா மறிக்கும். லைசன் கேக்காது, அதுதான் வித்தியாசம்."

ஹோன் அடித்தும் அவை எழும்பவில்லை. நானா இறங்கிப்போய் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிவிட்டு வந்தார்.

5.20. முந்தல். நானும் நானாவும் பள்ளியில் சுபஹு தொழுதோம். மற்ற இருவரும் கடையில் பிளேன்டீ குடித்தார்கள், ஒன்று அறுபது ரூபா. வீதிக்கு அப்பால் இறால் வளர்க்கும் குளங்களில் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் சளசளவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒருவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் அது அழகான சத்தம் என்று பட்டது.

5.55. தெதுறு ஓயாப் பாலம். மார்கழி மழையின் மிச்சம், ஆறு தேநீர் நிறத்தில் கரை முட்ட ஓடியது. நீரின்மேல் பனிப்புகை. இந்த ஆறும் களப்பும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் சிலாபம் பழைய காலத்திலிருந்து இருக்கிறது, இந்தக் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள், ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் வழியாகக் கொழும்புக்குப் பாரப்படகுகள் போயின என்று நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். "பாடமாக்கினதா?" என்று கேட்டார் அக்கா. "ஓம்," என்றேன். சிரித்தார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

6.10. நகரத்தைக் கடந்து, களப்புப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வந்தோம். நானா வேனை நிறுத்தினார்.

சத்தமில்லை.

கொட்டகைக்குள் சீமெந்துத் தரை கழுவிக் காய்ந்து கிடந்தது. தராசுகள் சாக்கால் மூடியிருந்தன. ஒரு பூனை நடுத் தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அதற்கும் ஏமாற்றம்தான் போலும். வெளியே மணலில், கண் போகும் தூரத்துக்குப் படகுகள், மூக்கைக் கடலுக்குக் காட்டியபடி வரிசையாக. ஒன்றுகூடக் கடலில் இல்லை.

வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைமயிரை எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒருவர் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"மல்லி, ஆரைத் தேடுற?" தம்பி என்பதைச் சிங்களத்தில் சொன்னார்.

"மீன்சந்தை..."

"இதுதான் சந்தை."

"மீன்?"

"மீன் கடல்ல." சைக்கிளை நிறுத்திவிட்டு என்னையும் தலையிலிருந்த தொப்பியையும் மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர் நீ? இண்டைக்கு ஞாயிறு இல்லையா? சனி பின்னேரத்தில இருந்து ஒரு வள்ளமும் இறங்காது. இங்க எல்லாரும் வேதக்காரங்க, ஞாயிறு பூசை. இனி இண்டைக்கு ராவுக்குத்தான். நாளைக்கு விடிய வா, காலை வைக்க இடம் இருக்காது!"

எனக்குக் காதுவரை சுட்டது. வெள்ளியை அவ்வளவு கவனமாகத் தவிர்த்தவனுக்கு, இவர்களுக்கும் ஒரு வெள்ளி இருக்கும் என்று தோன்றவில்லை.

நஸீர் நானா என்னை ஒரு பக்கமாக இழுத்தார். "டேய், கடல் கொந்தளிப்பு, ஒருத்தரும் போகல்ல என்டு சொல்லிரு."

திரும்பிப் பார்த்தேன். கடல் தட்டில் ஊற்றிய பால்போலக் கிடந்தது.

"நானா, உங்களுக்குத் தெரியாதா ஞாயிறு மீன் இல்லை என்டு?"

"நான் மீன் வாங்கவா வந்தேன்? நீ சொன்ன இடத்துக்கு வளைச்சேன்."

அக்காவிடம் போனேன். "அக்கா, பிழை என்ட. எங்கட ஊரில வெள்ளிதான் லீவு. இங்க ஞாயிறு. நான் விசாரிக்கல்ல. மீன்சந்தை இண்டைக்கு இல்லை."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணவரைப் பார்த்தார். ரவி அண்ணை ஏற்கெனவே மணலில் இறங்கிப் படகுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, மூக்குப் பலகையில் எழுதியிருந்த பெயரை வாசிப்பது தெரிந்தது.

"சந்தை அவருக்குத்தான், தம்பி," என்றார் அக்கா மெதுவாக. "யாழ்ப்பாணத்தில மயிலிட்டி ஆள். அப்பா, சித்தப்பாமார் எல்லாம் கடல். பத்தொன்பது வயசில சண்டையோட ஊரை விட்டு வெளிக்கிட்டவர். இத்தனை தரம் இலங்கைக்கு வந்தும் ஒரு துறைக்கும் வரமாட்டன் எண்டார். இந்த முறைதான் ஓம் எண்டவர். வந்து பாத்தா வெறும் தரை."

நான் போட்டது ஒரு சுற்றுலாத் திட்டம். அதற்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது.

சைக்கிள்காரர் போகவில்லை. அவர் பெயர் மெல்வின். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பூசைக்குப் போறேன். ஒன்பது மணிக்கு இங்கயே வாங்க. எங்கட புது வள்ளத்துக்கு இண்டைக்குத்தான் மந்திரிப்பு. ஃபாதர் வருவார். தென்னைக்குள்ள இருந்து தண்ணிவரை இழுக்கவேணும். ஆள் காணாது." நஸீர் நானாவின் வயிற்றைப் பார்த்தார். "இவர் நல்ல பாரம். பின்னுக்குத் தள்ளலாம்."

"இவ்வளவு தூரம் வந்து படகு தள்ளவா?" என்றார் நானா. ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது.

7.15. இடையில் கிடைத்த நேரத்துக்கு முன்னேஸ்வரம் போனோம், நகரத்திலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள். என் தாளில் இது பதினொரு மணிக்கு இருந்தது. தாளைக் கசக்கிப் பையில் போட்டேன். கோயிலுக்கு முன்னால் மாலைக் கடைக்காரப் பெண்கள் ஒரே மூச்சில் சிங்களத்திலும் தமிழிலும் கூப்பிட்டார்கள், எந்த மொழியில் யார் திரும்பினாலும் சரி. பழத்தட்டு எழுநூறு ரூபா. வெள்ளைச் சாரி கட்டிய சிங்கள அம்மா ஒருவர், தட்டை எந்தக் கையில் பிடிப்பதென்று ஜெயந்தி அக்காவுக்குச் சைகையால் காட்டிக் கூட்டிக்கொண்டு போனார். நானும் நானாவும் வெளியே நிழலில் நின்றோம். உள்ளே மணி அடிக்க, நகரத்துப் பக்கமிருந்து பேராலய மணியும் காற்றில் வந்தது. "நம்மட பள்ளி வாங்குச் சத்தம் மட்டும் இல்லாத குறை," என்றார் நானா. அப்பம் சாப்பிட்டோம். முட்டை அப்பம் நூற்றியிருபது, கட்டைச்சம்பல் கண்ணில் தண்ணீர் வரும் உறைப்பு.

9.00. கடற்கரைக்குத் திரும்பினால், அது வேறு ஊர்!

பூசை முடிந்து முழுக் குறிச்சியும் மணலில் இறங்கியிருந்தது. காலையில் நான் வெறுமை என்று பார்த்த படகுகளைச் சுற்றி இப்போது ஆட்கள். இஸ்திரி போட்ட சேர்ட்டோடு படகு விளிம்பில் உட்கார்ந்து கதைக்கும் ஆண்கள், சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஓடும் பிள்ளைகள், கதிரைகளைத் தூக்கி வந்து வட்டமாகப் போட்டுக்கொண்ட பெண்கள். கிழமை நாளில் விடிய வந்திருந்தால் இந்த மனிதர்களின் முதுகைத்தான் பார்த்திருப்பேன். படகுகளின் பெயர்களையும் இப்படி நின்று வாசித்திருக்க முடியாது. அன்னம்மாள். செபமாலை. புது விடியல். தமிழிலும் சிங்களத்திலும், சிலவற்றில் இரண்டிலும்.

மெல்வின் அண்ணாவின் படகு நீலமும் மஞ்சளும். தென்னைகளுக்கு நடுவே, பெயரின் மேல் ஒரு துணி தொங்க நின்றது. ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். துணியை எடுத்தார்கள்: ஸ்டெல்லா. மெல்வின் அண்ணாவின் மனைவியின் பெயர் அது. அவருக்கு முதலே தெரியாது போல. "ஐயோ, கடல்ல என்ட பேரைச் சொல்லிக் கத்துவாங்களே!" என்று முகத்தை மூடினார். "வீட்டில அவன் கத்துறது காணாதா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மூன்று கல்லில் வைத்த புதுப் பானையில் பால் கடல் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அந்தப் பக்கம் வழிந்தது நல்லதாம்.

பிறகு இழுவை. உருளைக் கட்டைகளை மணலில் போட்டார்கள். இருபது இருபத்தைந்து பேர் இரு பக்கமும் நின்றோம். ஒருவர் சிங்களத்தில் எண்ணினார், "எகய்... தெகய்... துனாய்!", எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். நாலு அடி போனது. திரும்ப எண்ணினார். இரண்டு அடி. மூன்றாம் முறை படகு அசையவில்லை.

"நிப்பாட்டு!"

நான் கேட்டிராத குரல். ரவி அண்ணை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"முன் கட்டை கோணலாக் கிடக்கு. அதை எடுங்கோ. மூக்கில நிக்கிறவன் தூக்கப்படாது, அமத்தவேணும். நீங்கள், பாரமான ஆள், பின்னாலை வலப் பக்கம் வாங்கோ. இப்ப எண்ணுங்கோ."

நஸீர் நானா சொன்ன இடத்துக்குப் போனார். ரவி அண்ணை படகின் விளிம்புக்குக் கீழே குனிந்து, தோளைக் கொடுத்தார். கையால் தள்ளவில்லை, தோளால். அதைப் பார்த்ததும் மெல்வின் அண்ணா என் காதுக்குள் சொன்னார்: "ஆ, இவர் நம்மட ஆள்."

எகய். தெகய். துனாய்!

படகு போன வேகத்தில் நான் மணலில் முகங்குப்புற விழுந்தேன். நிமிர்ந்தபோது ஸ்டெல்லா தண்ணீரில் மிதந்தது. இடுப்பளவு நீரில் நின்று ரவி அண்ணை அதன் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜெயந்தி அக்கா கையில் கமரா இருந்தது. அவர் அதைத் தூக்கவேயில்லை.

கடலுக்குப் போகவில்லை, ஞாயிறு அல்லவா. மிதக்கவிட்டு, நங்கூரம் போட்டு விட்டார்கள். முதல் வலை இரவுக்குத்தான்.

12.45. சாப்பிடாமல் போனால் கோபிப்போம் என்றார் மெல்வின் அண்ணா. வீடு பத்து நிமிட நடை. "இண்டைக்காவது சிலாபத்து நண்டு சாப்பிடலாம்," என்று அக்கா என்னிடம் இரகசியமாகச் சொன்னார். மேசைக்கு வந்தோம். நண்டு இல்லை, மீன் இல்லை, கருவாடுகூட இல்லை. பெரிய சட்டியில் பன்றி இறைச்சிக் கறி.

"ஆறு நாளும் மீன்தானே தின்னுறம்," என்றார் ஸ்டெல்லா அக்கா. "ஏழாம் நாளும் அதையா?"

நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு மேசை, வேறு கோப்பை. பருப்பு, முட்டைப் பொரியல், பப்படம்.

"தம்பி, பயப்படாதீங்க. சட்டி புதுசு. காலையில பால் பொங்க ரெண்டு பானை வாங்கினது, ஒண்டில பொங்கினம், மத்ததில உங்கட பருப்பு. கரண்டியும் புதுசு. உங்கட தொப்பியைப் பாத்த உடனே அவர் பூசைக்குப் போற வழியில எனக்குக் கோல் எடுத்தவர்."

நஸீர் நானா மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். போகும்போது புதுச் சட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது இனி எங்கட சட்டி. அடுத்த முறைக்குப் பத்திரமா வைங்க," என்றார். அடுத்த முறை! அது நானாவின் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

3.30. முகத்துவாரம். நகரத்திலிருந்து வடக்கே கொஞ்சத் தூரம், கடைசியில் மணலில் நடை. தெதுறு ஓயா இங்கேதான் கடலுக்குள் நுழைகிறது, அதுவும் அமைதியாக அல்ல. பழுப்பு நீர் ஒரு பக்கம், நீல நீர் ஒரு பக்கம், நடுவில் கோடு கீறியதுபோல நுரை. அந்தக் கோடு ஒவ்வொரு அலைக்கும் இடம் மாறுகிறது. கோட்டுக்கு மேலே ஆலாப் பறவைகள் வரிசையாகப் பறந்து திடீரென்று விழுந்து எழும்பின. கரையில் குடும்பங்கள் சாப்பாட்டுப் பொட்டலம் விரித்திருந்தன. செவ்விளநீர் நூற்றியைம்பது ரூபா. நான் முதல் தரமாகப் பார்க்கிறேன் என்பதை மறைக்க முயன்று தோற்றேன். "அக்கா, பாருங்க! அண்ணை, அந்தா, அந்தா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ரவி அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். "கோட்டுக்கு உள்ளுக்கு வீசினால் ஒரு மீன், வெளியாலை வீசினால் வேற மீன்," என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "மீன்சந்தை இருந்திருந்தால் நான் வேனை விட்டு இறங்கியிருக்க மாட்டன், தம்பி. இரைச்சலும் மணமும்... ஏலாது. அந்த வள்ளங்கள் சும்மா நிண்டதாலை இறங்கினன்."

இளநீரைக் குடித்து முடித்தார்.

7.20. ஆலங்குடா. ஹாஜியார் வாசலில் நின்றார். "மீன்சந்தை எப்படி, அக்கா?"

நான் முந்திக்கொண்டேன். "ஹாஜியார், மீன்சந்தை இல்லை. ஞாயிறு எண்டு நான் பாக்கல்ல."

அவர் முகம் சுருங்கியது. "மீன்சந்தைக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லி..."

"வாற ஞாயிறுக்கும் இந்த வேன் எங்களுக்கு வேணும்," என்றார் ரவி அண்ணை. "மகனையும் கூட்டிக்கொண்டு போறன். பட்டம் ஒரு நாளைக்கு நிக்கட்டும்."

ஹாஜியார் அண்ணையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார். பிறகு ஹாஜியார் என்னிடம் திரும்பினார்.

"போர்டு எழுதி மாட்டு. சிலாபம், ஞாயிறு மட்டும் எண்டு போடு. மீன்சந்தை இல்லை எண்டும் பெரிய எழுத்தில போடு. பொய் சொல்லி ஆள் பிடிக்கிறதா இருக்கப்படாது."

செவ்வாய்க்கிழமை மாமாவுக்குக் கோல் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றேன். கிழமையில் ஒரு நாள் வேலைக்காக டோஹாவை விடுகிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். வாப்பாவுக்கு அதை எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பாவும் நானும் மாம்புரிக் கரை வழியாக வந்தோம். அன்றைக்கு மீன் இல்லை. படகுகள் எல்லாம் மணலில் நின்றன, சிலாபத்தில் நின்றதுபோலவே, மூக்கைக் கடலுக்குக் காட்டியபடி. பள்ளியிலிருந்து வந்தவர்கள் விளிம்பில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து நான்கு வருடம் இந்தக் கரையில் வளர்ந்தவன், எழுபத்தைந்து கிலோமீற்றர் போய்த்தான் இதைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். என் கால் தானாக நின்றது.

"என்ன பாக்கிற? இண்டைக்கு மீன் இல்லையே," என்றார் வாப்பா.

"பேரை வாசிக்கிறேன் வாப்பா. மாமாட வேலைக்கு நான் போகல்ல. சிலாபம் பயணத்தை ஹாஜியார் எனக்குத் தந்திட்டார்."

வாப்பா பக்கத்தில் நின்ற பச்சைப் படகைத் தட்டினார். எத்தனையோ வருடமாக அவர் வெங்காயம் கொடுத்து மீன் வாங்கும் படகு அது.

"இதுக்கு என்ன பேர் போட்டிருக்கு? நான் பச்சை வள்ளம் என்டுதான் சொல்லுறது."

வாசித்தேன். "வெள்ளை முத்து."

"பச்சைக்கா?" வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த படகுக்கு நடந்துபோய், அதன் மூக்கில் கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு?"